ஏழு வருட அனுபவம்

மார்ச் 3, 2008, திங்கள்

காற்று. குப்பைத் தொட்டி இரண்டு வீடு தள்ளிப் போய்க் கிடந்தது. ஃபிரிஸ்கோவில் எல்லாம் புது வீடு, புதுத் தெரு. ஆளுயர மரம்கூடக் கிடையாது. காற்றும் பாவம், வேறு எதைத்தான் உருட்டும்.

செய்ய வேண்டியவை: ஹனாவுக்குப் பல் டாக்டர். ஏ.சி. ஃபில்டர். ரிச்சர்ட்சன் போய் ஹலால் கோழி.

சனிக்கிழமை பக்கத்து வீட்டு வசந்தி கொடுத்த விருந்து இன்னும் தொண்டையில் நிற்கிறது. சாப்பாடு இல்லை, பேச்சு. வேலைக்குப் போகும் பெண்கள் ஹாலில், சோஃபாவில். மற்றவர்கள் நாலு பேர் அடுக்களையில் அப்பளம் பொரித்தபடி. யாரும் இப்படிப் பிரிந்து உட்காரச் சொல்லவில்லை. அதுவாகவே நடக்கிறது. ஊரிலிருந்து புதிதாக வந்த ஒருத்தி என்னிடம், "நீங்க எங்க வொர்க் பண்றீங்க?" வீட்டில்தான் இருக்கிறேன் என்றேன். "ஓ, நைஸ்" என்றாள். கண்ணை என் முகத்திலிருந்து எடுத்து அப்பளத்தில் வைத்தாள்.

அதற்குள் ஹாலிலிருந்து ரஃபீக்கின் குரல். என் கணவர். எதையும் ஊரறியச் சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு செரிக்காது. "ஷாஹிதாவுக்கு ஈ.ஏ.டி. வந்துருச்சுல்ல! இனிமே எங்க வீட்லயும் டபுள் இன்கம்தான்!" எல்லோரும் கை தட்டினார்கள். ஹனா பிறந்தபோதுகூட எனக்கு யாரும் இப்படிக் கை தட்டியதில்லை.

ஏழு வருடம் எச்-4 விசா. வேலை பார்க்கக் கூடாது என்று சட்டமே சொல்லிவிட்டதால் என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இப்போது ஈ.ஏ.டி., வேலை பார்க்கும் அனுமதி அட்டை, வந்துவிட்டது. கையில் சாக்கு இல்லை.

மார்ச் 5, புதன்

பகல் பன்னிரண்டுக்குப் புயல் சங்கு ஊதியது. மாதத்தின் முதல் புதன், வெறும் சோதனை. ஹனா இரண்டு வயதில் இதற்குத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். அப்போதே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

ர. மத்தியானம் போன் செய்தார். வசந்தி போன அதே ட்ரெயினிங்கில் என் பெயரையும் கொடுத்துவிட்டாராம். சாஃப்ட்வேர் டெஸ்டிங். சனி, ஞாயிறு. ஆறு வாரம். என்னைக் கேட்கவில்லை. "கேட்டா யோசிப்ப. யோசிச்சா வேணாம்ப" என்றார். உண்மைதான். எரிச்சல் அதனால் இரண்டு மடங்கு.

மார்ச் 7, வெள்ளி

ஜும்ஆவுக்குப் போயிருந்தேன். தொழுகை முடிந்து பெண்கள் பகுதியில் ஜமீலா ஆன்ட்டி கையைப் பிடித்துக்கொண்டார். விஷயம் அவர் காதுவரை போயிருக்கிறது.

"வேலைக்குப் போகப் போறியாமே? தாயோட காலடியிலதான்மா சொர்க்கம் இருக்கு. உனக்கு என்னத்துக்கு இந்த ஆபீஸும் கீபீஸும்?"

நல்ல பேச்சு. ஆனால் ஆன்ட்டியின் மருமகள் இரட்டைப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு தூக்கமில்லாமல் அலைகிறாள். ஆன்ட்டி ஒரு பால் புட்டியைக் கழுவிக் கொடுத்ததில்லை என்று அவளே அழுதிருக்கிறாள். காலடியில் சொர்க்கம் இருக்கட்டும். அந்தக் கால் வலிக்கிறதா என்று கேட்க ஒருவருக்கும் வாய் வருவதில்லை.

சோஃபாக்காரிகளுக்கு நான் பூஜ்யம். ஆன்ட்டிக்கு நான் சொர்க்கத்தின் வாசல்படி. இரண்டிலும் நான் எங்கே இருக்கிறேன் என்று தெரியவில்லை.

மார்ச் 8, சனி

முதல் வகுப்பு. இர்விங்கில் ஒரு இந்தியன் ஸ்டோரின் மாடி. படி ஏறும்போதே பெருங்காயமும் பினாயிலும் கலந்த வாடை. பதினோரு பெண்கள். எல்லோர் பையிலும் புது அட்டை, எல்லோர் முகத்திலும் மாமியார் வீட்டுக்குள் முதல்முறை காலெடுத்து வைக்கிற முழி. பாதிப் பேர் டிபன் பாக்ஸ் கொண்டுவந்திருந்தார்கள். நானும்தான்.

நடத்துபவர் பாஸ்கர், சென்னைக்காரர். ட்ரெயினிங்கும் அவரே, வேலை வாங்கிக் கொடுப்பதும் அவரே, சம்பளத்தில் பங்கு எடுப்பதும் அவரே. சட்டைப் பையில் இரண்டு போன். "மேடம், டெஸ்டிங்னா ஒண்ணுமில்ல. குத்தம் கண்டுபிடிக்கறது. வீட்ல பண்றதைத்தான் ஆபீஸ்ல பண்ணப் போறீங்க." எல்லாப் பெண்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு ஏன் சிரித்தோம் என்று வாயைத் துடைத்துக்கொண்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

ஹனாவின் முன்பல் விழுந்தது. சோப்பு டப்பாவில் வைத்திருக்கிறாள். தொடக் கூடாதாம்.

இன்று ஒன்று நடந்தது. பாஸ்கர் இன்ஷூரன்ஸ் விண்ணப்பத்தின் மாதிரித் திரை ஒன்றைக் கொடுத்து, என்ன கோளாறு என்று கண்டுபிடிக்கச் சொன்னார். மற்றவர்கள் ஸ்பெல்லிங் பிழை, பட்டன் நிறம் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் வேறு ஒன்றைப் பிடித்தேன். பிறந்த தேதியில் நாளைய தேதியைப் போட்டாலும் அது ஒப்புக்கொள்கிறது. இன்னும் பிறக்காத பிள்ளைக்கு இன்ஷூரன்ஸ் கொடுக்கிறது! பாஸ்கருக்கே அது தெரியவில்லை. இரண்டு போனையும் மேசையில் வைத்துவிட்டு வந்து பார்த்தார்.

எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன். திண்டுக்கல் காலேஜில் கெமிஸ்ட்ரி லேபில் இரண்டு வருடம் நின்றேனே, அந்தப் பழைய மூளை எங்கோ மூலையில் இருந்து எழுந்து வந்து, "என்னையா கூப்பிட்டாய்?" என்று கேட்ட மாதிரி. திரும்பி வரும்போது காரில் தனியாகப் பாடிக்கொண்டே வந்தேன்.

இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. ர.வுக்காக இல்லை, சோஃபாவுக்காகவும் இல்லை. பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஏப்ரல் 2, புதன்

மறுபடி சங்கு. ஹனா பள்ளியில் சங்கு ஊதியபோது காதைப் பொத்திக்கொண்டாளாம். "டூ லவுட், மாம்" என்றாள். அல்ஹம்துலில்லாஹ். சத்தம் அதிகம் என்று என் பிள்ளை குறை சொல்கிறது!

எண்ணெய் தீர்ந்துவிட்டது. வாஷரில் ர.வின் பேனா. நாலு சட்டை நாசம்.

ஏப்ரல் 12, சனி

ஆலங்கட்டி மழை. கார் மேலெல்லாம் அம்மைத் தழும்பு.

வகுப்பின் கடைசி நாளுக்கு முந்தைய நாள். பாஸ்கர் கதவைச் சாத்திவிட்டு ரெஸ்யூமே பற்றிப் பேசினார்.

"மேடம், மார்க்கெட்ல ஃப்ரெஷர யாரும் தொடமாட்டான். ஏழு வருஷம் எக்ஸ்பீரியன்ஸ் போட்டாத்தான் போன் அடிக்கும். நான் போட்டுத் தரேன். நீங்க அதை மனப்பாடம் பண்ணிக்கணும். நடுவுல வேலை இல்லாத கேப் மட்டும் எங்கயும் இருக்கக் கூடாது."

ஒரு பெண் கேட்டாள்: "சார், எனக்கு ரெண்டு டெலிவரி ஆயிருக்கே. அந்த வருஷம்லாம்?"

"அதெல்லாம் வெளிய வரக் கூடாதும்மா. குழந்தை இருக்குன்னு சொன்னா எப்ப பொறந்துச்சு, லீவ் எப்ப எடுத்தேன்னு பேச்சுவாக்குல வரும். ரெஸ்யூமேவோட இடிக்கும். சிம்பிளா, நோ கிட்ஸ். ஆறு மாசம் கழிச்சு டெஸ்க்ல போட்டோ வெச்சுக்குங்க. அப்ப எவனும் கேக்க மாட்டான்."

பதினோரு பெண்கள். எண்ணிப் பார்த்தால் ஒரு வகுப்பறை நிறையப் பிள்ளைகள் தேறும். ஒரே நிமிடத்தில் எல்லாம் காலி. யாரும் எழுந்து போகவில்லை. நானும் போகவில்லை. டிபன் பாக்ஸைத் திறந்து எலுமிச்சம்பழச் சாதம் தின்றோம்.

ஏப்ரல் 15, செவ்வாய்

ரெஸ்யூமே ஈமெயிலில் வந்தது. ஷாஹிதா அப்துல் கரீம், சீனியர் க்யூ.ஏ. அனலிஸ்ட். ஏழு வருட அனுபவம். நியூ ஜெர்சியில் ஒரு பேங்க், பிறகு ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனி. நியூ ஜெர்சியில் நான் பார்த்தது ஏர்போர்ட் கழிப்பறை ஒன்றுதான்.

இரண்டு முறை படித்தேன். 2001 நவம்பரில் நான் பேங்குக்காக ரிக்வயர்மென்ட் சேகரித்திருக்கிறேன். ஹனா பிறந்த மாதம். தையல் பிரிந்து, உட்கார முடியாமல் நின்றபடி பால் கொடுத்த மாதம்.

2003, 2004. க்ளெய்ம்ஸ் மாட்யூல், ரிக்ரெஷன் டெஸ்டிங், நாலு பேருக்கு டீம் லீட். அந்த இரண்டு வருடம் நான் எங்கே இருந்தேன் என்று எனக்குத் தெரியும். ஹனாவுக்கு இரண்டரை வயதாகியும் ஒரு சொல் வரவில்லை. "எங்க வீட்டுப் புள்ளைங்க லேட்டாத்தான் பேசும்" என்று மாமி போனில். பொறுத்துப் பார்க்கலாம் என்று டாக்டர். புத்தி மந்தமோ என்று விருந்துகளில் கிசுகிசு. நான் மட்டும் பகலெல்லாம் பின்னால் நின்று கூப்பிடுவேன், தட்டைத் தட்டுவேன், தாழ்ந்த குரலில் ஒரு முறை, கீச்சுக் குரலில் ஒரு முறை. கராஜ் கதவு உறுமினால் திரும்புவாள். நான் கூப்பிட்டால் திரும்பமாட்டாள். சளி பிடித்த வாரம் இன்னும் மோசம். பேச்சு வராத பிள்ளை இல்லை, கேட்காத பிள்ளை என்று நான்தான் சொன்னேன். மூன்று டாக்டர்களிடம் சொன்னேன். நாலாவது ஆள் காதுக்குள் பார்த்தார். இரண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் கோந்து மாதிரி நீர்.

ஆபரேஷன் செய்து, நீர் வடியச் சின்னக் குழாய் வைத்தார்கள். பிறகு இரண்டு வருடம் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, உதட்டைக் காட்டி, நாக்கைக் காட்டி, ஒவ்வொரு எழுத்தாக. 'ஸ்' என்ற ஓசை வர எத்தனை மாதம்! வீட்டில் ஒரே பாஷை போதும், ஆங்கிலம் மட்டும் என்றாள் தெரபிஸ்ட். என் பிள்ளையிடம் தமிழ் பேசுவதை நிறுத்தினேன். இன்று ஹனா கடகடவென்று பேசுகிறாள், எல்லாம் ஆங்கிலத்தில். நான் எழுதும் இதை அவளால் படிக்க முடியாது. அந்த விலையும் கொடுத்தேன்.

அந்த வருடங்களுக்குப் பெயர் கேப். அடைக்க வேண்டிய ஓட்டை.

ஏப்ரல் 16, புதன்

ர.வுக்கு ரெஸ்யூமே ரொம்பப் பிடித்துவிட்டது. "பாரேன், என்னைவிட நீ சீனியர்!" என்றார்.

கேட்டேன்: "கோழி அறுக்கும்போது அல்லாஹ் பேர் சொன்னாங்களான்னு விசாரிச்சு விசாரிச்சு வாங்குறீங்க. முத்திரை இல்லாத பாக்கெட்டைக் கையால தொட மாட்டீங்க. இதை அறுக்கும்போது யார் பேரைச் சொன்னாங்களாம்?"

"அது மார்க்கம். இது மார்க்கெட்" என்றார். சொல்லிவிட்டு அவருக்கே அது பிடித்துப்போய், சாயங்காலத்துக்குள் மூன்று நண்பர்களுக்குப் போனில் சொல்லிச் சிரித்தார். பக்கத்து அறையில் நான் அவர் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன். ஊசியை எங்கே குத்தலாம் என்று தோன்றியது.

கெட்டவர் இல்லை. ஹனாவின் ஆபரேஷன் அன்று தொழுகை விரிப்பைவிட்டு எழாமல் அழுதவர். ஆனால் அந்த நாளைத் தவிர மற்ற நாட்கள் அவருக்குத் தெரியாது. ஆபீஸில் இருந்தார்.

ஏப்ரல் 19, சனி

வசந்தி வந்தாள். கறிவேப்பிலைச் செடிக்கு மண் கேட்டு. ஈரோட்டுக்காரி, மனதில் பட்டதைச் சொல்பவள். நாலு வருடம் முன்பு இதே மாடியில், இதே பாஸ்கரிடம், இதே ஏழு வருடம் வாங்கியவள்.

"பயமா இல்லையா வசந்தி?"

"மொதல் ஆறு மாசம் இருக்கும் ஷாஹிதா. அப்பறம் வேலை கத்துக்கிட்டு அதுபாட்டுக்கு ஓடும். இப்ப என்னைய எழுப்பிக் கேட்டாலும் நான் ஹார்ட்ஃபோர்ட்ல ரெண்டு வருசம் இருந்தேன்னுதான் சொல்லுவேன். அங்க பெஞ்ச பனியக்கூட சொல்லுவேன்."

"பிள்ளைங்களப் பத்திக் கேட்டா?"

மண்ணைக் கிளறினாள். "எம் பெரியவனுக்கு ஆபீஸ் ரெக்கார்டுல மூணு வயசு கொறைச்சல். அவன் பர்த்டேக்கு யாரையும் ஆபீஸ்லருந்து கூப்புட்டதில்லீங்."

பிறகு, "ஆனா ஒண்ணு. வேலைக்குப் போன பொறவுதான் எங்கூட்டுக்காரரு எம்பேச்சக் காது குடுத்துக் கேக்கறாரு" என்றாள். சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மண்ணை இரண்டு பைகளில் கட்டிக் கொடுத்தேன்.

ஏப்ரல் 24, வியாழன்

காலை பத்துக்குப் போன் இன்டர்வ்யூ. பிளேனோவில் ஒரு கம்பெனி. மேனேஜர் டெப்பி, குரலை வைத்துப் பார்த்தால் ஐம்பது வயது, சிகரெட் பிடிப்பவள், அவசரமில்லாதவள். ஹனா பள்ளியில். ர. லீவு போட்டு எதிரே உட்கார்ந்திருந்தார். ஸ்பீக்கர் போன். கையில் ஹனாவின் வெள்ளைப் பலகை, பதில் எழுதிக் காட்ட. ஊரில் பரீட்சை ஹாலுக்கு வெளியே ஜன்னல் வழியாகப் பிட் போடுவார்களே, அதே வேலை. இரண்டு மாஸ்டர் டிகிரி படித்த வீடு இது.

முதல் அரைமணி நேரம் கிளி மாதிரி ஒப்பித்தேன். டெப்பியின் குரலில் சலிப்பு தட்டியது. பிறகு கேட்டாள்: இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான், உன்னைத் தூங்கவிடாமல் செய்த ஒரே ஒரு பிரச்சினையைச் சொல், யாருக்குமே காரணம் தெரியாமல் இருந்த ஒன்று.

ர. பலகையில் அவசரமாக எழுதினார்: க்ளெய்ம்ஸ் மாட்யூல்.

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாக யோசித்துச் சொல்லவில்லை. ஒரு மாட்யூல் இருந்தது என்றேன். எதைக் கொடுத்தாலும் வெளியே ஒன்றும் வராது. அடுத்த ரிலீஸில் தானாகச் சரியாகும் என்றார்கள், வடிவமே கோளாறு, விட்டுவிடலாம் என்றும் சொன்னார்கள். நான் விடவில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிக் கொடுத்துப் பார்த்தேன். சிலவற்றுக்கு அசைந்தது, சிலவற்றுக்கு அசையவில்லை. எல்லோரும் வெளியே வருவதைச் சரி செய்யப் பார்க்கிறீர்கள், உள்ளே போவதே அதற்குப் போய்ச் சேரவில்லை என்றேன். மூன்று பேர் நம்பவில்லை. நாலாவது ஆள் பார்த்தார். வழி அடைத்திருந்தது.

"சரி செய்த பிறகு?" டெப்பி.

"வழியைத் திறந்தது பெரிய வேலை இல்லை. அதற்குப் பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து கொடுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொன்றாக. ரொம்ப நாள்."

"இப்போது வேலை செய்கிறதா?"

"நன்றாக" என்றேன். "நிறுத்தவே முடியவில்லை."

இத்தனை வருடத்தில் இப்படி ஒரு பதில் கேட்டதில்லை என்றாள் டெப்பி.

போனை வைத்ததும் ர. துள்ளிக் குதித்தார். "சூப்பர் ஷாஹி! எங்கருந்து புடிச்ச அந்த மாட்யூல் கதைய? பாஸ்கர் குடுத்தாரா?"

அவருக்குப் புரியவில்லை. பெற்ற தகப்பன். எதிரே உட்கார்ந்து ஒரு சொல் விடாமல் கேட்டவர்.

பாத்ரூமுக்குப் போய் வாய் கொப்பளித்தேன். பல் தேய்த்தேன். என் பிள்ளையை ஒரு மாட்யூல் ஆக்கி விற்றுவிட்டு வந்த வாய். ஏழு வருடத்தில் என் உழைப்பை முதல்முதலாக ஒருத்தி மெச்சினாள். அதற்கு நான் என் பிள்ளையின் பெயரை எடுத்துவிட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

மே 1, வியாழன்

தகவல் இல்லை. பாஸ்கர் தினம் இரண்டு முறை போன். "ஃபீட்பேக் செம மேடம்." ஏ.சி. ஃபில்டர் இன்னும் மாற்றவில்லை.

வேலை கிடைக்கக் கூடாது என்று நினைக்கிறேன். போன் அடித்தால் ஓடிப் போய் எடுக்கிறேன்.

மே 8, வியாழன்

மத்தியானம் நாலு மணி. வெயில். கையெல்லாம் ரொட்டி மாவு. போன் அடித்தது. கை கழுவுவதற்குள் ஹனா எடுத்துவிட்டாள். "ஹலோ, ஹனா ஸ்பீக்கிங்" என்றாள், அந்த 'ஸ்' கொஞ்சமும் பிசகாமல். யாரோடோ ஒரு நிமிடம் பேசினாள். பல் விழுந்ததைப் பற்றி. பிறகு போனை நீட்டினாள்.

டெப்பி. வேலை எனக்குத்தானாம். திங்கட்கிழமை வரச் சொன்னாள். நன்றி, நன்றி என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசியில் சிரித்துக்கொண்டு கேட்டாள்: போனை எடுத்தது யார், எவ்வளவு தெளிவாகப் பேசுகிறாள், உன் மகளா?

"நோ, நோ" என்றேன். "நெய்பர்ஸ் கிட்."

அவ்வளவு வேகமாக வந்தது. மனப்பாடம் செய்த பதில் எதுவும் இவ்வளவு சுலபமாக வந்ததில்லை.

ஹனா அங்கேயேதான் நின்றிருந்தாள். கை நீட்டினால் தொடலாம். டி.வி. அறைக்குப் போய்விட்டாள். நான் மிச்ச ரொட்டியையும் உருட்டிச் சுட்டேன். எதுவும் வட்டமாக வரவில்லை.

மே 9, வெள்ளி

ர. எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. வசந்தி கேசரி செய்து கொண்டுவந்தாள். ஜமீலா ஆன்ட்டிகூடப் போனில், "மாஷா அல்லாஹ், எவ்வளவு சம்பளம்?"

மத்தியான லீவில் ர. போய் ஹனாவைப் பள்ளியின் காலை, மாலைக் காப்பகத்தில் சேர்த்துவிட்டு வந்தார். ஃபாரம் எல்லாம் அவரே நிரப்பினாராம். பெருமை.

ஹனாவிடம் நேற்றைய பேச்சை எடுக்க இரண்டு முறை வாய் வரை வந்தது. விளையாடிக்கொண்டிருந்தாள். மறந்திருப்பாள் என்று விட்டுவிட்டேன். மறந்திருக்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். என் வசதிக்காக ஆறு வயதுப் பிள்ளைக்கு மறதியைக் கட்டி வைக்கிறேன்.

மே 11, ஞாயிறு

அன்னையர் தினமாம். வசந்தியின் சின்னவன், ஹனா வகுப்புதான், அம்மாவுக்குக் கை அச்சு வைத்து ஒரு அட்டை செய்து கொடுத்திருக்கிறான். வேலி வழியாகக் காட்டினாள். வெள்ளிக்கிழமை வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் செய்தார்களாம்.

ஹனாவிடம் கேட்டேன், ஸ்கூலில் ஏதாவது செய்தாயா என்று.

"நோப்" என்றாள். சீரியலைத் தின்றுகொண்டே.

அவள் குளிக்கும்போது பையைத் திறந்து பார்த்தேன். இல்லை. ஆறு வயதுப் பிள்ளையின் பையைத் திருடி மாதிரித் துழாவுகிறேன். தூ.

நாளைக்குப் போட வேண்டிய சுடிதாரை இஸ்திரி போட்டு மாட்டியாகிவிட்டது.

மே 12, திங்கள்

மேகமூட்டம். ஆபீஸ் கார் பார்க்கிங்கில், காருக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். ஸ்டியரிங் மேல் வைத்து எழுதுவதால் எழுத்து கோணல்.

ஏழரைக்கு ஹனாவோடு காப்பகம் போனேன். பள்ளி கஃபடீரியா. மேசையில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டியம்மா, கழுத்தில் விசில். முதல் நாள், அதனால் ஐ.டி. கேட்டார். லைசன்ஸைக் கொடுத்தேன். ஃபாரத்தைப் பார்த்தார், லைசன்ஸைப் பார்த்தார். மறுபடி ஃபாரம். ர. அம்மாவின் பெயர் என்ற இடத்தில் ஷாஹிதா ரஃபீக் என்று போட்டு வைத்திருக்கிறார், இந்த ஊர் வழக்கப்படி. லைசன்ஸில் நான் ஷாஹிதா அப்துல் கரீம், என் அத்தா பேரோடு. பிள்ளை ஹனா ரஃபீக், அவள் அத்தா பேரோடு. எங்கள் ஊரில் அது ஒரு விஷயமே இல்லை. அந்த மேசையில் எங்கள் மூன்று பேரையும் சேர்த்துக் கட்ட ஒரு காகிதம் இல்லை.

அதே சமயம் என் போன். டெப்பி. எந்தக் கதவு வழியாக வர வேண்டும் என்று சொல்லக் கூப்பிட்டிருக்கிறாள். எடுத்து, "ஒரு நிமிஷம்" என்று சொல்லிப் போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டேன்.

பாட்டியம்மா ஹனா பக்கம் குனிந்து அன்பாகக் கேட்டார்: கண்ணு, இவங்க உன் அம்மாவா?

ஹனா என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை, அழுகையும் இல்லை. பதில் தெரியாத கேள்விக்கு டீச்சரைப் பார்ப்பாளே, அப்படி.

"ஆஸ்க் ஹெர்" என்றாள்.

பாட்டியம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். போனில் டெப்பி, "ஷாஹிதா? ஷாஹிதா?"

"யெஸ்" என்றேன். "ஐ ஆம் ஹெர் மதர். ஷி இஸ் மை டாட்டர்." எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று எனக்குத் தெரியவில்லை. சீரியல் தின்றுகொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

பாட்டியம்மா ர.வுக்குப் போன் போட்டு விசாரித்துக்கொண்டு ஒரு கையெழுத்து வாங்கினார். என் போனில் டெப்பி இன்னும் இருந்தாள். "அன்றைக்குப் போன் எடுத்த பிள்ளையா?" என்றாள். ஆமாம் என்றேன்.

"கிழக்குக் கதவு. எச்.ஆருக்குப் போகாதே. முதலில் என்னிடம் வா." வைத்துவிட்டாள்.

ஹனாவைக் கட்டிக்கொள்ளப் போனேன். விடவில்லை. பையை மாட்டிக்கொண்டு நாலடி போய்த் திரும்பினாள். "பிக் மீ அப் ஆன் டைம், மாம்" என்றாள். உத்தரவு மாதிரி.

இப்போது டெப்பியிடம் என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்குத் தெரியாது. நியூ ஜெர்சி, பேங்க், இன்ஷூரன்ஸ் எல்லாம் பொய் என்று சொன்னால் அடுத்த நிமிடம் வெளியே. பாஸ்கர் கத்துவார். ர. ஊருக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். சொல்லட்டும். மாட்யூல் மட்டும் பொய் இல்லை. ஹனாவுக்குக் காது அடைத்திருந்தது, கண்டுபிடித்தது நான்.

இந்த வேலை எனக்கு வேண்டும். பசி மாதிரி வேண்டும். ஆனால் அந்த ஏழு வருடத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வரமாட்டேன்.

கிழக்குக் கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் வருகிறாள். குட்டையான நரைமுடி. ஒவ்வொரு காராகப் பார்க்கிறாள். டெப்பியாகத்தான் இருக்கும், இறங்குகிறேன்.